சுடலையின் வில்லும் கிந்தனின் கதையும்

நாஞ்சில் நாட்டு மயிலாடிக்குச் சென்றவர்கள் உளியோசையைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். கல்லைக் கடவுளாக்கும் கைகள் நிறைந்த ஊர் அது. ஒருபுறம் சுசீந்திரத்துக் கோபுரம், மறுபுறம் மருத்துவாழ்மலை, இடையிலே வயலும் குளமும் பனையும். பகலெல்லாம் கல்லிலே ஓசை எழும் அந்த வட்டாரத்தில், கொடை நடக்கும் இரவுகளிலே வேறோர் ஓசை எழும். அது வில்லின் ஓசை.

ஆளுயரத்துக்கும் மேற்பட்ட வில். அதிலே வரிசையாக மணிகள். வில்லின் நடுவிடத்தைத் தாங்கி நிற்பது ஒரு மண்குடம். எதிரே அமர்ந்த புலவர் இரு கைகளிலும் வீசுகோல் ஏந்தி நாணை அடிப்பார், மணிகள் குலுங்கும், குடம் முழங்கும், உடுக்கை அதட்டும், தாளமும் கட்டையும் உடன் ஒலிக்கும். வலப்பக்கத்தார் ஓர் அடியை ஏந்துவார்கள், இடப்பக்கத்தார் அதை வாங்குவார்கள். பாட்டு நிற்கும் இடத்தில் உரைநடை புகும். உரைநடை தளரும் இடத்தில் நகைச்சுவை புகும். விடிய விடியக் கதை நடக்கும். சாமி பிறந்த கதை பாடும்போது கோமரத்தாடிக்கு அருள் வந்துவிட்டது என்பார்கள். அருளோ மருளோ, அந்த நேரத்தில் குடம் அடிப்பவனின் கைவேகத்தை நேரிலே கண்டவர்களுக்கு, மருளுக்குக் காரணம் எங்கே இருக்கிறது என்பது விளங்கிவிடும்!

சுடலைமாடன், இசக்கி, முத்துப்பட்டன், நீலி என்று இருட்டிலே குடியிருக்கும் இந்தத் தெய்வங்களைப் பற்றிப் பகுத்தறிவு பேசும் நமக்கு என்ன கவலை என்று தோழர் ஒருவர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நாம் அந்தத் தெய்வங்களைக் கும்பிடச் சொல்லவில்லை. அவர்களுடைய கதையைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்கிறோம். கேட்டால் தெரியும், அவர்களிலே பலர் வானத்திலிருந்து இறங்கியவர்கள் அல்லர், மண்ணிலே வெட்டப்பட்டவர்கள். சாதி மீறிக் காதலித்ததால் கொல்லப்பட்டவன், ஏமாற்றப்பட்டு மாண்ட பெண், போர்க்களத்தில் கைவிடப்பட்ட வீரன் — இவர்களைக் கொன்ற ஊரே, அஞ்சி நடுங்கி இவர்களுக்குப் பீடம் எழுப்பியது. பீடத்தை நாம் மறுக்கலாம். கொலையை மறுக்க முடியுமா?

முத்துப்பட்டன் கதையையே எடுத்துக்கொள்வோம். பார்ப்பனக் குலத்தில் பிறந்த இளைஞன் ஒருவன், பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியப் பெண்கள் இருவர்மீது காதல் கொள்கிறான். குடுமியை அறுத்தெறிகிறான், பூணூலைக் களைகிறான், செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்கிறான், பெண்களின் தந்தைக்காக மாடு காக்கப் போய்க் கொள்ளையரால் மடிகிறான். எந்தச் சீர்திருத்த மாநாட்டுத் தீர்மானம் இதைவிட அழுத்தமாகப் பேசிவிடும்? ஆனால், கதையின் சில வடிவங்களிலே ஒரு சிறு ஒட்டு உண்டு. அந்தப் பெண்கள் உண்மையிலே பார்ப்பனக் குழந்தைகளாம், காட்டிலே கிடந்தவர்களைச் சக்கிலியர் எடுத்து வளர்த்தார்களாம்! பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது, இது பின்னால் வந்து சேர்ந்த சரக்கு என்பதை எடுத்துக்காட்டினார். மக்கள் பாடிய பாட்டிலே வைதீகம் எங்கே கை வைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆக, வில் யாருடையது என்ற வழக்கு பழைய வழக்கு. ஊர் பாடியதை மேலோர் திருத்தினார்கள். அந்த வில்லை மேலோர் பக்கம் சாயவிடாமல், சுடலையின் பீடத்தோடும் விட்டுவிடாமல், நிகழ்காலத்தைப் பாடவைத்தவர் ஒருவர் அதே நாஞ்சில் மண்ணிலிருந்து எழுந்தார். அவரைத் தமிழகம் கலைவாணர் என்று அழைத்தது.

1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார் கிருஷ்ணன். தந்தையின் பெயர் சுடலைமுத்து, தாயின் பெயர் இசக்கியம்மாள். பெயர்களைக் கவனியுங்கள்! வில்லுப்பாட்டின் இரு பெருந்தெய்வங்கள் அந்த ஏழை வீட்டிலே தாயும் தந்தையுமாக இருந்தார்கள். படிப்பு நான்காம் வகுப்போடு நின்றது. நிறுத்தியது வறுமை. மளிகைக் கடையிலே வேலை. பந்தாடும் இடத்திலே பந்து பொறுக்கித் தரும் வேலை. நாடகக் கொட்டகையிலே தின்பண்டம் விற்கும் வேலை. கொட்டகைக்குள் விற்கப் போன சிறுவனின் கண் தட்டிலே இல்லை, மேடையிலே இருந்தது. கொடை இரவுகளிலே வில்லுப்பாட்டைக் கேட்டுக் கேட்டு ஊறிய காது, கொட்டகையிலே நாடகப் பாட்டையும் உறிஞ்சிக்கொண்டது. சங்கீத வித்துவானிடம் கைகட்டி நின்று கற்றதன்று அவருடைய இசை. தெருவும் கொட்டகையும் தந்தது.

1925-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபாவைத் தொடங்கியபோது அவர்களோடு சேர்ந்தார். பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை அந்தக் காலத்து நடிகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். நாம் அதை விரிக்கவில்லை. நமக்கு வேண்டியது ஒரே செய்தி. 1931-இல் அந்தக் குழு ‘தேசபக்தி’ என்னும் நாடகத்தை அரங்கேற்றியது. அதிலே கிருஷ்ணன் வில்லோடு வந்து அமர்ந்தார். கூடியிருந்தவர்கள் எதிர்பார்த்திருக்கக்கூடிய மாடன் கதையை அவர் பாடவில்லை. காந்தியாரின் கதையைப் பாடினார்.

இன்று கேட்பவர்களுக்கு இது சிறிய மாற்றமாகத் தோன்றும். இன்றுதான் எல்லாவற்றுக்கும் வில்லடிக்கிறார்களே! ஆனால் 1931-ஐ நினைத்துப் பாருங்கள். வில் என்பது பீடத்துக்கு எதிரே வைக்க வேண்டிய பொருள், காப்புக் கட்டிப் பாட வேண்டிய கலை, கொடைக்கு வெளியே அதற்கு வேலை இல்லை என்று எண்ணியிருந்த காலம். அந்த வில்லைத் தூக்கிக்கொண்டு கட்டணம் கொடுத்துப் பார்க்கும் மேடைக்கு வந்து, உயிரோடு நடமாடும் மனிதன் ஒருவனின் வரலாற்றைப் பாடுவது என்றால், கலையைப் பூசாரியின் கையிலிருந்து பிரித்தெடுப்பது என்று பொருள். காந்தியாரிடம் நமக்குள்ள கருத்து வேற்றுமைகள் வேறு. பாடப்பட்டவர் யார் என்பதைவிட, பாட்டுக்குத் தெய்வம் தேவையில்லை என்று ஆனதே, அதை நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

பிறகு படவுலகம். 1935-இல் ‘மேனகா’, 1936-இல் ‘சதிலீலாவதி’. பூனாவிலே நடந்த ‘வசந்தசேனா’ படப்பிடிப்பின்போது டி.ஏ. மதுரம் அம்மையாரைச் சந்தித்தார், மணந்துகொண்டார். தமக்கு ஊரிலே மனைவி இருப்பதைச் சொல்லாமலே மணந்தார் என்பதை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. பெண்ணுரிமை பேசும் ஏடுகள், நமக்கு வேண்டியவர் என்பதற்காக இதைச் சிரித்துக் கடந்துவிடக் கூடாது. மதுரம் அம்மையாரோ, ஏமாற்றத்தையும் விழுங்கிக்கொண்டு, அந்தக் கலைஞனின் பாதி உயிராக நின்றார். 1944 நவம்பரில் ‘இந்துநேசன்’ இதழின் லட்சுமிகாந்தன் கொலையுண்ட வழக்கிலே, தியாகராச பாகவதரோடு கிருஷ்ணனும் கைதானார். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. சிறைக்கதவு மூடியிருந்த அந்தக் காலத்திலே, நாடகக் குழுவை எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு கட்டிக் காத்தவர் அந்த அம்மையார்தான். மேடையிலே வெற்றி கண்ட ‘பைத்தியக்காரன்’ 1947-இல் படமாகவும் வந்தது. கணவனின் வழக்குச் செலவுக்கு மனைவி நாடகம் நடத்திப் பணம் திரட்டினாள் என்ற கதையை எந்தப் புலவராவது வில்லிலே ஏற்றிப் பாடியிருக்கலாம்.

சிறை மீண்ட கலைஞர்கள் இருவரிலே, பாகவதரின் குரலுக்குப் பழைய வரவேற்பு கிடைக்கவில்லை. கிருஷ்ணனுக்குக் கிடைத்தது. காரணத்தை நாம் இப்படிக் கணிக்கிறோம்: பாகவதரின் பாட்டு பக்தியையும் கருநாடக இசையையும் நம்பி நின்றது, அந்தக் கடை வியாபாரம் மங்கத் தொடங்கிய வேளை அது. கிருஷ்ணனின் பாட்டு பேச்சிலிருந்து பிறந்தது. நாடு வாய் திறந்து பேசத் தொடங்கிய வேளை அது.

1949-இல் ‘நல்லதம்பி’ வந்தது. எழுதியவர் அறிஞர் அண்ணா. பாட்டுக்கு உடுமலை நாராயணகவி. அந்தப் படத்திலேதான் கிந்தனார் காலட்சேபம் இடம்பெற்றது. அதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும்.

நந்தன் கதை எல்லோருக்கும் தெரியும். பெரிய புராணத்திலே திருநாளைப்போவாராக இருந்தவரை, கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாக்கினார். தில்லைக்குப் போக ஆசைப்பட்ட புலைப்பாடிப் பண்ணையாள், நெருப்பிலே மூழ்கி, பார்ப்பன வடிவத்தோடு எழுந்து, பிறகே கோயிலுக்குள் புகுகிறான். உள்ளே போக வேண்டுமானால் உடலை எரித்துவிட்டு வா என்பதுதான் கதையின் சாரம்! இதையே காலட்சேபக்காரர்கள் கண்ணீர் மல்கப் பாடினார்கள். கேட்டவர்களும் கண்ணீர் மல்கினார்கள். 1935-இல் நந்தனாராக நடிக்கக் கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள் என்றால், அந்தக் கண்ணீருக்கு அங்காடியிலே இருந்த மதிப்பை அறியலாம்.

கலைவாணர் அந்தக் கண்ணீரைத் துடைத்தார். பாகவதர் வேடம் பூண்டு, காலட்சேபத்துக்குரிய எல்லா அங்கங்களோடும் கிந்தன் கதையைச் சொன்னார். கிந்தனும் தாழ்த்தப்பட்ட குலத்தான். அவனுக்கும் ஓர் ஆசை. ஆனால் ஆசை சிதம்பரத்தின்மீது அல்ல, படிப்பின்மீது. பட்டணம் போகிறான், படிக்கிறான், பள்ளிகளை மேற்பார்வை பார்க்கும் அதிகாரியாகத் திரும்புகிறான். நெருப்பு இல்லை, புது உடல் இல்லை, அதே உடல், அதே பிறப்பு, கையிலே படிப்பு. அவ்வளவுதான். கொட்டகை சிரித்தது. சிரித்து முடித்தவன், நந்தனை ஏன் எரித்தார்கள் என்று எண்ணாமல் வீடு திரும்பியிருக்க முடியாது.

இங்கே அவர் எடுத்தது வில்லை அன்று, எதிர்முகாமின் காலட்சேபத்தை. தம் ஊர் வடிவத்திலே புதுக் கதையை வைத்தவர், அக்கிரகாரத்தின் வடிவத்திலும் புதுக் கதையை வைத்தார். முதலாவதைவிட இரண்டாவது துணிச்சலானது. ஆனால் வில்லுப்பாட்டிலே பழகிய நாக்கு இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. பாட்டுக்கும் பேச்சுக்கும் இடையிலே தாவுவதும், கேட்பவனைக் கேள்வி கேட்டு இழுப்பதும், ‘ஆமாம்’ போடும் பின்பாட்டுக்காரனை வைத்தே நகைச்சுவை கிளப்புவதும் கொடை மேடையின் பாடம்.

இப்போது மயிலாடிக்குத் திரும்புவோம். திரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. கிந்தன் கற்பனை மனிதன் என்று நினைத்தால் தவறு. கலைவாணர் கிந்தனைப் பாடுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னே, மயிலாடியிலே மகராசன் என்று ஒருவர் இருந்தார். ஒடுக்கப்பட்ட பறையர் குலத்தவர். நந்தனைப் போலவே அவருக்கும் சிதம்பரம் போக ஆசை. நடந்தார், பார்த்தார், அங்கே கண்டது அவருக்கு நிறைவு தரவில்லை. அவர் நெருப்பிலே இறங்கவில்லை, திரும்பி நடந்தார். வழியிலே தஞ்சைக்குச் சென்றவர், அங்கே கோலாப் பாதிரியாரின் போதனையைக் கேட்டுக் கிறித்தவரானார். வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். அவருடைய முயற்சியால் 1806-இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியப் பாதிரியார் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-இல் மயிலாடியிலே தேவாலயம் எழுந்தது, பள்ளியும் நடந்தது. 1818-இல் வந்த மீடு பாதிரியார் தலைமையிடத்தை நாகர்கோவிலுக்கு மாற்ற, அந்தக் கல்விப் பணி அங்கே பெருகி வளர்ந்தது.

ஒரு மதத்தை விட்டு இன்னொரு மதத்துக்குப் போனதை நாம் கொண்டாட வரவில்லை. ஒரு கடவுளுக்குப் பதிலாக வேறொரு கடவுள் என்பது கணக்கிலே வெறும் இடமாற்றம். நாம் கொண்டாடுவது அந்தப் பள்ளிக்கூடத்தை. சுசீந்திரத்துக் கோயிலைச் சுற்றிய தெருவிலே நடக்கும் உரிமைக்காக 1926-இலும் மக்கள் மறியல் செய்ய வேண்டியிருந்தது. கோயிலுக்குள் நுழையும் உரிமை திருவிதாங்கூரிலே 1936 நவம்பரில்தான் அரசாணையாக வந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே, அந்தக் கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்திலே, ஒடுக்கப்பட்டவன் ஒருவன் தில்லையைவிட்டுத் திரும்பி எழுத்துக்கு வழி திறந்தான். நந்தன் போன வழி எரிந்து முடிந்தது. மகராசன் திரும்பிய வழியிலே பள்ளி முளைத்தது. கிந்தனைப் பாடியபோது நாஞ்சில் நாட்டுக் கலைஞனுக்கு மயிலாடி நினைவு இருந்ததா என்பதை நாம் வாதிட வேண்டியதில்லை. அவர் பிறந்த மண் அந்தக் கதையை முன்பே ஒருமுறை நடத்திக் காட்டியிருந்தது, அது போதும்.

அதே வட்டாரத்துத் தேரூரிலே பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையையும் இங்கே நினைக்க வேண்டும். மருமக்கள் வழியால் நாஞ்சில் நாட்டு வேளாளப் பெண் பட்ட பாட்டை, அவள் வாய்ப்பேச்சிலேயே வைத்து ‘மருமக்கள்வழி மான்மியம்’ பாடினாரே, அந்த நகைச்சுவையும் கலைவாணரின் நகைச்சுவையும் ஒரே குளத்து நீர். மான்மியம், அதாவது புராணம், என்று பெயர் வைத்துவிட்டு, உள்ளே சொத்து வழக்கையும் சக்களத்திச் சண்டையையும் வைப்பது! பழைய பாத்திரத்திலே புதிய சோறு. 1926-இல் சட்டம் அந்த வழிமுறையை ஒழித்தது. சட்டத்துக்கு முன்னே சிரிப்பு ஒழித்திருந்தது.

1952-இல் கலைவாணர் இயக்கிய ‘பணம்’ படத்திலே ஒரு வேடிக்கை நடந்தது. வசனம் கலைஞர் கருணாநிதி. மூன்றெழுத்தை இழுத்து இழுத்துப் பாடும் பாட்டு ஒன்று. எந்த மூன்றெழுத்து என்பது கொட்டகையிலே உட்கார்ந்த குழந்தைக்கும் தெரியும். கழகம் பிறந்து மூன்றாண்டு சற்றே கடந்திருந்த நேரம். தணிக்கையாளர் என்ன செய்வார்? படத்திலே அந்த எழுத்துகளுக்கு விரிவு, திருக்குறள் முன்னணிக் கழகம்! வள்ளுவரை எந்தத் தணிக்கையாளர் வெட்டுவார்?

இவ்வளவுக்கும் அவர் கழகத்தின் உறுப்பினர் அல்லர். காந்தியாரைப் பாடினார், பெரியாரை மதித்தார், அண்ணாவை நேசித்தார். 1957 தேர்தலில் காஞ்சியிலே அண்ணாவுக்காகப் பேச வந்தபோது, எதிர்த்து நின்ற மருத்துவரை மேடையிலே வாயாரப் புகழ்ந்துவிட்டு, இத்தனை நல்ல மருத்துவர் ஊரிலேயே இருந்து நோய் தீர்க்கட்டும், சட்டமன்றத்துக்கு அண்ணா போகட்டும் என்று முடித்தாராம். அது வில்லுப்பாட்டுப் புலவனின் உத்தியேதான். வலப்பக்கம் ஏந்தியதை இடப்பக்கம் திருப்பிப் போடுவது. அந்த ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள், 49 வயதும் நிறையாமல் மறைந்தார். ஈட்டியது பெரும்பொருள், கொடுத்ததும் பெரும்பொருள், கடைசியிலே கையிலே தங்கியது சிறிது.

அவருக்குப் பின் வில் என்ன ஆயிற்று? திருநெல்வேலிச் சீமையிலிருந்து கலைவாணர் சென்னைக்கு அழைத்துவந்த சுப்பு ஆறுமுகம் அதை எடுத்தார். வானொலியிலும் மேடையிலும் அது புகழ் பெற்றது, 2021-இல் அவருக்குப் பத்மசிறீ கிடைத்தது, 2022-இல் மறைந்தார். வில்லைத் தமிழகமெங்கும் தெரியவைத்த பெருமையை அவருக்கு மறுக்க முடியாது. ஆனால் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பட்டணத்து வில்லிலே சிறுசேமிப்பு வந்தது, குடும்பக் கட்டுப்பாடு வந்தது, இராமாயணமும் திரும்பி வந்தது. வெட்டுண்டவனின் கதை வரவில்லை. தெய்வத்தை நீக்கிய கையோடு கொலையையும் நீக்கிவிட்டோம். முத்துப்பட்டனின் கோபத்தை எடுத்துக்கொண்டு பூசையை விட்டிருக்க வேண்டியவர்கள், இரண்டையும் கொடை மேடையிலேயே விட்டுவந்தோம். நாம் என்று சொல்வது தெரிந்துதான். சீர்திருத்த மேடைகளும் வில்லைக் கூட்டம் சேர்க்கும் கருவியாகவே பெரிதும் கொண்டன.

கொடை மேடையிலே பாடிக்கொண்டே இருந்தவர்கள் யார்? மயிலாடி அடங்கிய அதே அகத்தீசுவரம் வட்டத்திலே, கொட்டாரத்தை அடுத்த சிற்றூரிலே, பூங்கனி என்று ஒரு பெண் இருந்தார். சிறுமியாக இருந்தபோது இரு பெண்கள் வில்லடிப்பதைக் கண்டு, தாமும் அந்த வில்லின்முன் அமர்ந்தார். பெண் கொடை மேடையிலே புலவராக நடுவிலே அமர்வது அரிது; அவர் அமர்ந்தார். கணவர் குடம் அடித்தார். மனைவி கதை நடத்தினார். கோயில் கோயிலாக, ஊர் ஊராக, பல பத்தாண்டுகள் இரவுகளைப் பாட்டாலே கடந்தார். கணவர் மறைந்தபின் வில் ஓய்ந்தது. முதுமையிலே வறுமை. ஆய்வாளர்களும் ஏடுகளும் தேடி வந்து படம் எடுத்தது கடைசிச் சில ஆண்டுகளிலேதான்.

சென்னையிலே கலைவாணருக்குச் சிலை எழுந்தது. 1969 பொங்கல் நாளன்று, நோயுற்ற உடலோடு வந்து அதைத் திறந்துவைத்தவர் அண்ணா. அவர் கலந்துகொண்ட கடைசிப் பொதுவிழா அதுதான். பூங்கனி 2018 நவம்பரில் காலமானார். அவர் நெஞ்சிலே இருந்த கதைகளிலே எத்தனை ஏட்டிலே ஏறின, எத்தனை அவரோடு போயின என்ற கணக்கை யாரும் எடுக்கவில்லை. அந்த வட்டாரத்திலே பங்குனியிலும் சித்திரையிலும் கொடைகள் இன்னும் நடக்கின்றன. வயது முதிர்ந்த புலவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒலிப்பதிவுக் கருவி இளைஞர் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது.